மீன்பூனை வீரனின் முகம்

"அம்மா... என் பக்கத்துல ஒரு பொண்ணு, பூனைக்குச் சிங்கத்தோட தோளை ஒட்ட வச்சிருக்கா. பாவம்மா அது... ஒரு அடி எடுத்து வச்சா குப்புற விழுந்துடும்!"

ஹவுராவிலிருந்து பாபுகாட் போகும் படகில், அத்தனை வங்காளத்துக்கும் இந்திக்கும் நடுவே, இந்தத் தமிழ் மட்டும் தனியாக வந்து மாதங்கியின் காதில் விழுந்தது.

சுரீர் என்றது அவளுக்கு.

மடியில் டேப்லெட். அதில், விரலால் தள்ளத் தள்ளச் சுழன்றுகொண்டிருந்தான் அவளுடைய வீரன். பாதி பூனை, பாதி மனிதன். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் சிற்பி. கல்லும் உளியும் இல்லை, திரையும் பேனாவும்தான். வங்காளத்து ஈரநிலங்களில் மீன்பிடித்து வாழும் பாக்ரோல் என்கிற காட்டுப்பூனையை வைத்து, சதுப்பு நில ஊர் ஒன்றைக் காக்கும் வீரனை அவள் உருவாக்க வேண்டும். மூன்று வாரமாக உருவாக்கிக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலை அனிர்பான்தா இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். கம்பெனியின் தலைமை ஓவியர்; அதிகம் பேச மாட்டார். "ஷுந்தொர்... கிந்து ப்ராண் நேய்" என்றார். அழகுதான், ஆனால் உயிரில்லை!

அந்த வலி அடங்குவதற்குள் இவன் வேறு...

வெடுக்கென்று திரும்பினாள்.

"அது விழாது. நீங்கதான் விழப் போறீங்க. படகு ஆடுது... கம்பியைப் பிடிச்சுக்கோங்க."

போனைக் காதில் வைத்தபடி அவன் திகைத்து நின்றான். உயரம், மாநிறம், மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. அதற்குக் கீழே, மாட்டிக்கொண்ட திருடனைப் போல விழித்த இரண்டு கண்கள்...

"அம்மா, அப்புறம் பேசறேன்," என்றான் மெதுவாக. "அந்தப் பொண்ணு தமிழ்!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் மாதங்கி.

"ஸாரிங்க. இந்த ஊர்ல யாருக்கும் புரியாதுங்கற தைரியத்துல சொல்லிட்டேன்."

"சொன்னது தப்பா, இல்ல எனக்குப் புரிஞ்சதுதான் தப்பா?"

"உங்களுக்குப் புரிஞ்சதுதான்," என்றான் சங்கடமாக. "ஏன்னா... சொன்னது நிஜங்க. நான் கால்நடை டாக்டர். ஹவுரா பக்கம் ஒரு விலங்கு மீட்பு மையத்துல வேலை. வாரத்துக்கு ஒரு பாக்ரோலாவது என் கையைக் கடிச்சு வைக்கும்."

சட்டைக் கையை மடித்துக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். மாதங்கியின் கோபம் ஒரு படி இறங்கிவிட்டது.

"பூனைக்குத் தோள் நம்மள மாதிரி பூட்டிக் கிடக்காது. கழுத்துப்பட்டை எலும்பு சதைக்குள்ள மிதக்கும். நடக்கும்போது தோள்பட்டை மேல ஏறி இறங்கும்... இப்படி." அத்தனை ஜனத்துக்கு நடுவே அவன் முதுகை வளைத்து, கைகளைத் தளர்த்தி, பூனையைப் போல இரண்டடி நடந்தே காட்டினான். மீன்கூடைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "அப்புறம், உங்க ஆள் வாயைப் பிளந்து கர்ஜிக்கிறான். பாக்ரோல் கர்ஜிக்காதுங்க. காத்திருக்கும். அதோட வீரமே காத்திருக்கறதுதான்."

வெளியே மழை ஹூக்ளியின் மேல் சரம் சரமாக இறங்கியது. பாலத்தின் இரும்பெல்லாம் புகையாகக் கரைந்துபோயிருந்தது. மாதங்கி திரையைப் பார்த்தாள். சிங்கத் தோள், பிளந்த வாய், ஆளுயர வாள்... சட்டென்று எல்லாமே வேஷமாகத் தெரிந்தது.

இவன் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது!

"பேரு?" என்றாள், பரீட்சை கேட்பது போல.

"கதிரேசன். லேக் மார்க்கெட்ல அப்பாவுக்குப் பலகாரக் கடை."

"முனுசாமி கடையா! உங்க கடை ரிப்பன் பக்கோடா இல்லாம எங்க வீட்டுல மழையே பெய்யாது."

"அப்ப நாளைக்கு மழை பெய்யாட்டியும் வாங்க," என்றான் கதிரேசன். "கடைக்கு இல்ல. நிஜப் பாக்ரோலைப் பார்க்க."

*

மையத்தில் கோரைத் தடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்கப்பால் குளம். சாலையில் அடிபட்டு, கால் எலும்பு சேர்ந்துவரும் ஒரு பாக்ரோல் அங்கே இருந்தது. மனித முகம் அதற்குப் பழகிவிடக் கூடாது, பழகினால் காட்டில் பிழைக்காது என்றான் கதிரேசன். ஆகவே தடுப்பில் இரண்டே இரண்டு ஓட்டைகள். பேசக் கூடாது. பெருமூச்சுகூடக் கூடாது.

அரை மணி நேரம் இருவரும் தோளுக்குத் தோள் நின்று, ஆளுக்கொரு ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே மாதங்கி கண்ணுக்குப் பதில் போனை வைத்துப் படம் பிடித்தாள். அவன் சட்டையில் டெட்டால் வாசனை. அவள் நெஞ்சு அடிப்பது அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம்...

பூனை நீரோரம் வந்து குந்தியது. குட்டைக் கால்கள், தடித்த கழுத்து, சாம்பல் உடம்பில் மை தெளித்த புள்ளிகள். அசையவில்லை. பிறகு முன்காலால் நீரை மெல்லத் தொட்டது. பூச்சி ஒன்று விழுந்து துடிப்பதைப் போல, அத்தனை லேசாக. மறுபடி தொட்டது. காத்திருந்தது. பிறகு ஒரு நொடி... தண்ணீர் தெறித்தது, வாயில் மீன்!

மாதங்கி தன்னை மறந்து கதிரேசனின் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்தது தெரிந்ததும் விட்டாள். இருவரும் மறுபடி ஓட்டைக்குள் மிக மும்முரமாகப் பார்த்தார்கள்.

அடுத்த பத்து நாட்கள் அவள் வீரனைக் கலைத்துக் கலைத்துச் செய்தாள். தோளை இறக்கினாள். எடையை இடுப்புக்குக் கொண்டுவந்தாள். நிற்க வைக்காமல் பாதி குந்த வைத்தாள். வாளைப் பிடுங்கிவிட்டு, மீனவர்களின் முப்பல் ஈட்டியைக் கொடுத்தாள். இரும்புக் கவசம் போய், கோரைப்பாய்ப் பின்னலில் கவசம் வந்தது. விரல்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு, உடம்பில் இரண்டடுக்கு ரோமம். மேல் அடுக்கு மட்டும் நனைந்து முனை முனையாகச் சேர்ந்திருந்தது. மாலையில் படத்தை அனுப்புவாள். கதிரேசனின் குரல் பதில் வரும்.

"பின்னங்கால் மூட்டு இன்னும் ஒரு விரல் மேலே. வால் நீளம், பாதி போதும். மத்தபடி... மாதங்கி, நான் அஞ்சு வருஷம் எலும்பைப் படிச்சேன். நீங்க அதே எலும்பு மேல ஒரு ஆளையே எழுப்பி நிறுத்தறீங்க. எப்படிங்க?"

அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் ஏழெட்டுத் தடவை கேட்பாள். அவனிடம் சொல்ல மாட்டாள்.

"யாருடி அது, தினம் எலும்பு எலும்புன்னு பேசறது?" என்றாள் அம்மா நாகலக்ஷ்மி.

"ஆபீஸ் விஷயம்மா."

"ஆபீஸ் விஷயத்துக்கா இப்படி முகம் சிவக்கறது?"

*

திங்கட்கிழமை ஆபீஸில் எட்டு பேர் முன்னால் பெரிய திரையில் வீரன் நின்றான். மாதங்கியே கதிரேசனை அழைத்திருந்தாள். தன் வேலையை அவன் பார்க்க வேண்டும், அவன் கண்ணில் அந்த வியப்பை நேரில் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான் ஆசை.

முகத்தை மட்டும் அவனுக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். ஊரைக் காப்பவனின் கவலை அந்த முகத்தில் இருந்தது. நெரித்த புருவம், கலங்கிய பார்வை. அறையில் ஒருவர் "வாஹ்!" என்றார். அனிர்பான்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "டாக்டர் என்ன சொல்றார்?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"உடம்பு அற்புதம்," என்றான் கதிரேசன். "முகம் தப்பு. பூனைக்கு இப்படி நெரிக்கிற புருவமே கிடையாது. இது மனுஷ முகமூடி. பொய்."

அனிர்பான்தா பேனாவை மூடினார். வெள்ளிக்கிழமை வரை நேரம். முகம் வரவில்லையென்றால் வீரனை வேறொருவர் எடுத்துச் செய்வார் என்று முடித்துக்கொண்டார்.

மாடிப்படியில் மாதங்கி அவனைப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. முட்டியதே அவமானமாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே!"

"அப்பதாங்க முகத்தையே பார்த்தேன். கேட்டாங்க... தப்புன்னா தப்புன்னுதானே சொல்ல முடியும்?"

"பொய்னு சொன்னீங்க. என் வேலையைப் பொய்னு சொன்னீங்க. எலும்பு உங்களோடதா இருக்கலாம் டாக்டர். முகம் என்னோடது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவனுக்கும் முகம் இறுகியது. "சரிங்க," என்று இறங்கிப் போய்விட்டான்.

செவ்வாய் போனது. புதனும் போனது. போன் ஊமையாகக் கிடந்தது. நான் ஏன் கூப்பிடணும்... அவன்தான் கூப்பிடணும். பெரிய டாக்டர்!

வீறாப்பாக அந்தப் புருவத்தையே இன்னும் ஆழமாக்கினாள். பார்த்தாள். பொய்யாக இருந்தது. அழித்தாள். இப்போது வெறும் பூனை. அழகான, யாரையும் காக்காத பூனை. திரும்பப் புருவத்தை வைத்தாள். திரும்ப அழித்தாள். அவன் சொன்னது சரி. ஆனால் அவளும் தப்பில்லையே. கவலை இல்லாதவன் எப்படிக் காவல்காரன் ஆவான்? புருவம் இல்லாத முகத்தில் அந்தக் கவலையை எங்கே வைப்பது?

வியாழன் மதியம், அன்று தடுப்பு ஓட்டை வழியாகப் போனில் எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தாள். நூறு தடவை பார்த்ததுதான். பூனை குந்துகிறது, நீரைத் தொடுகிறது... தொடும்போது, தடுப்புக்குப் பின்னால் கதிரேசன் லேசாகச் செருமும் சத்தம். பூனை தலையைத் திருப்பவில்லை. கண்ணும் நீரை விட்டு நகரவில்லை. ஆனால் ஒரு காது... ஒரே ஒரு காது மட்டும், மெல்லப் பின்னால் திரும்பியது.

மாதங்கி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

புருவத்தை அடியோடு எடுத்தாள். கண்ணை நீரில் நிறுத்தினாள். ஒரு காதை முன்னால், எதிரியின் பக்கம் வைத்தாள். மற்றொன்றைப் பின்னால் திருப்பினாள், அவன் காக்கும் குடிசைகளின் பக்கம், உள்ளே தூங்கும் குழந்தைகளின் பக்கம். பேனாவை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது.

வீறாப்பை விழுங்கிக்கொண்டு கதிரேசனுக்குப் படத்தை அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

சரி... அவ்வளவுதான் போலிருக்கிறது.

*

வெள்ளிக்கிழமை. விளக்கை அணைத்துத் திரையை ஏற்றினார்கள். அதே எட்டு பேர். வீரன் நீரோரம் பாதி குந்தி, ஈட்டியைத் தாழ்த்திக் காத்திருந்தான். அனிர்பான்தா எழுந்து திரைக்கு அருகே போனார். பின்னால் திரும்பிய அந்தக் காதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் இருக்காங்க இவன் பின்னாடி?" என்றார் கடைசியில், அவளைப் பார்த்து. அவர் அப்படிக் கேட்டதே போதும். அறை முழுக்கக் கைதட்டல்.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த ஆளை மாதங்கி கவனித்தாள். மழையில் தொப்பலாக நனைந்து, கையில் ஹெல்மெட்டோடு... கதிரேசன்!

"ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று சுத்தமான வங்காளத்தில் எல்லாரையும் கேட்டான். "திங்கக்கிழமை இந்த ரூம்ல நான் இவங்க வேலையைப் பொய்னு சொன்னேன். உங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். எட்டு வருஷமா இந்தப் பூனைங்களோட இருக்கேன். அந்தக் காதுல தையல் போட்டிருக்கேன், மருந்து விட்டிருக்கேன். அது என்ன சொல்லுதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல. இவங்க பார்த்துட்டாங்க."

மாதங்கிக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது. யாரோ ஒரு பெண் "ஓ மா!" என்று கிசுகிசுத்தாள். அனிர்பான்தா இருமிக்கொண்டே எல்லாரையும் டீ குடிக்கத் தள்ளிக்கொண்டு போனார்.

அறையில் இருவர் மட்டும். ஜன்னலில் மழை.

"பதில் அனுப்பியிருக்கலாமே," என்றாள், இன்னும் தரையைப் பார்த்தபடி.

"நாலு தடவை எழுதி அழிச்சேன். எழுதறதெல்லாம் எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரியே இருந்தது..." அவன் ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "மாதங்கி, இந்த நாலு நாளா எனக்கு ஒரு வேலையும் ஓடலை. சாயங்காலம் ஆனா போனைப் பார்க்கிறேன். படம் வரலைன்னா... திருத்தம் சொல்ல ஒண்ணும் இல்லைங்கற வருத்தம்னு நினைச்சேன். அது இல்லீங்க. அதுல உங்க..."

நிறுத்திவிட்டான். பூனைக் கடிக்கு அஞ்சாத மனிதன், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது மாதங்கிக்கு. அழகாகவும் இருந்தது.

நிமிர்ந்தாள். அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"நானே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கதிரேசன். ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல ஏதாவது திருத்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவன் முகம் முழுக்க மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"என்னவாம்?"

"அந்த 'உங்களை'தான் இடிக்குது. 'உன்னை'ன்னு இருந்தா சரியா இருக்கும்."

மாதங்கியின் காது மடலெல்லாம் சூடானது. சொல்லத்தான் வேண்டுமா... வாய் வருமா... அவன் அவசரப்படுத்தவில்லை. மழைச் சத்தத்தில் அசையாமல் நின்றான்.

"உன்னை..." என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். "உன்னைப் பிடிச்சிருக்குடா."