இரண்டாவது அலறல்

வாடகைக்குப் பிடித்த அந்தப் பழைய டப்பிங் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே ஈரக் கம்பள வாடை குமட்டியது. பட்டப்பகல்தான். ஜன்னலே இல்லாத அறைக்குப் பகலென்ன, இரவென்ன! கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கதவை மூடிய பதிவறையில், மைக் முன்னால் என் தங்கை. இந்தப் பக்கம், பதிவுக் கருவியோடு நான்.

"டைரக்டர் ரெண்டு அலறல் கேட்டிருக்கார். ஒண்ணு டெரர், இன்னொண்ணு ஹாரர்."

"ரெண்டும் பயம்தானேக்கா?"

"கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கோன்னு வயித்தைக் கலக்குது பாரு, அது டெரர். கதவு திறந்து, அதைக் கண்ணால பார்த்துட்டு உடம்பெல்லாம் கூசிப்போகுதுல்ல, அது ஹாரர்."

"காலேஜ் வாத்தியார் மாதிரி பேசாத. பட்டனை அமுக்கு."

முதல் அலறலில் அசத்திவிட்டாள். போட்டுக் கேட்டேன். அலறல் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு இன்னொரு அலறல்.

அவள் குரல்தான்.

ஆனால் அவள் கத்தியது ஒரே ஒரு தடவை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

"என்னடி, யார் காதுல பூ சுத்துற?"

"நீதான் ஏதோ ஒட்டு வேலை பண்ணியிருக்க. சத்தியமா நான் இல்லக்கா."

பொய் சொன்னால் இவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. இப்போது சிரிக்கவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியைக் கூட்டி மறுபடி போட்டேன். இரண்டாவது அலறலுக்கு முன்னால் கதவு முனகும் சத்தம். பிறகு ஒரு குரல், கொஞ்சலாக.

"பயப்படாதடி, நான்தான்."

என் குரல்.

நான் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லையே! அப்படியானால் இது இனிமேல் நடக்கப்போவதா? போகவே கூடாது. நான் திறந்தால்தானே அவள் அப்படி அலறுவாள்? அவளுக்கு ஒன்று ஆனால் என்னால் தாங்க முடியாது.

"அக்கா, ஒரு மாதிரியா இருக்கு. கதவுக் கைப்பிடி திரும்ப மாட்டேங்குது. வந்து திறயேன்."

"நான் வரமாட்டேன்டி. காரணம் கேக்காத. வாட்ச்மேனைக் கூப்பிடுறேன்."

போனை எடுத்து எண்ணைத் தேடினேன். அவள் மைக் வழியாக, ஹெட்போனில் கதவு முனகியது. நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நின்றாள் தங்கை. அவள் தோள்கள் தளர்ந்தன.

"வரமாட்டேன்னு சொல்லி என்னைப் பயமுறுத்திட்டு, வந்துட்டியே!"

சிரித்துக்கொண்டே, எதேச்சையாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.