கையுறையில் ஒரு கிழிசல்

வலது கை நடுக்கம் நின்றிருந்தது. எட்டு மாதமாகத் தூக்கத்தில் தவிர ஒரு நிமிடமும் ஓயாத நடுக்கம், யாரோ ஒரு லாரி டிரைவரின் முழங்கை மடிப்பைத் தொட்டதும் அடங்கிப்போனதை அவளால் நம்பவே முடியவில்லை.

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. வயது இருபத்து நான்கு. பார்க்காத டாக்டர் இல்லை. தலையைப் படம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ஒன்றுமில்லாத கைதான் தினமும் பாதித் தேநீரைத் தரையில் கொட்டியது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு 'வைப்ரேட் மோடு' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கையைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று டிரைவருக்கு நரம்பு தட்டுப்படவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் மேடம் பார்க்காத நேரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கையுறையின் சுட்டுவிரல் நுனியைக் கிழித்துவிட்டு வெறும் விரலால் தடவினாள். தோல் பட்டது, கை அடங்கியது, ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எழுந்தபோது டிரைவர் பிடித்திருந்த பஞ்சு படபடவென்று ஆடிற்று. ஊசி என்றாலே தனக்குப் பயம் என்று அவர் அசடு வழிந்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் நுனி கிழித்த கையுறையோடுதான் வேலை செய்தாள். ஒருவரைத் தொட்டால் ஒரு மணி நேரம் நிம்மதி. வேறெதையும் அவள் யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவும் இல்லை.

சனிக்கிழமை ரிப்போர்ட் வாங்க டிரைவர் வந்தார். கையெழுத்துப் போட வலது கையை இடது கையால் பிடிக்க வேண்டியிருந்தது.

"வண்டியைத் தர மாட்டேங்கிறாங்கம்மா. தூக்கத்துலகூட ஆடுதுன்னு வீட்டுல சொல்றா."

அவர் தோளுக்குப் பின்னால் காத்திருப்போர் நாற்காலிகள். ஸ்பிரிட் வாடை, விசிறிக் காற்று, அதற்கும் அடியில் சரசரவென்று ஒரு சத்தம். ஏழெட்டுப் பேர் மடியில் ரிப்போர்ட் உறைகள். எல்லாம் ஒரே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் அவள் தொட்டவர்கள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. தன் கை அசையாமல் இருந்ததில், பாழாய்ப்போன மனசு, சந்தோஷமும் பட்டது.

அதன்பின் அவள் கையுறையைக் கிழிக்கவில்லை. நடுக்கம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. ஒருவரை இரண்டு முறைதான் குத்தலாம், வராவிட்டால் கூட வேலை பார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் தினமும் நாலைந்து பேரை அப்படி விட்டாள். கடைசியில் மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப வர்றவங்களுக்கு என் கண் முன்னாடி எடு. ரெண்டாவது குத்துலயும் வரலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

வந்து உட்கார்ந்தது தங்கச்சி. ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்காதான் எடுக்கணும் என்று வரவேற்பில் அடம்பிடித்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் குத்து தவறியது. தோலுக்கடியில் நீலமாகக் கட்டியது. "வலிக்கலக்கா, நீ பதறாத," என்றாள் தங்கச்சி. மேடத்தின் செருப்பு ஒரு முறை தரையைத் தட்டியது. ஊசி முனை துள்ளியது. இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? ஒரு தடவைதானே. ஒரு நொடிதானே.

நுனியைக் கிழித்தாள்.

தொட்டாள்.

குழாய் நிறைந்தது. மேடம் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் தங்கச்சியின் இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னாள். ஆடவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது.

"என்னக்கா, பைத்தியமா? வா, மாடியில ஸ்கேன் இருக்கு. நீயும் பாரு."

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. இயந்திரம் ரீங்கரித்தது. டாக்டர் வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். தலையை அளந்தார். முதுகை அளந்தார். கையிடம் வந்து நின்றார். நெடுநேரம் நின்றார்.

"குழந்தை நல்லாத் தூங்குது," என்றார். "கை மட்டும்..."

திரையில் ஒரு கை. அரிசி அரிசியாக விரல்கள். மற்றதெல்லாம் அசையாமல் கிடந்தது. கை மட்டும். நிற்கவில்லை. நிற்கவே இல்லை.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். கல் போலக் கிடந்தது.

"அக்கா, பாரேன்," தங்கச்சி முகமெல்லாம் சிரிப்பாகத் தலையைத் தூக்கினாள். "நமக்கு டாட்டா காட்டுது."

பஞ்சு ஒட்டியிருந்த கையை உயர்த்தி, தங்கச்சியும் திரையைப் பார்த்து டாட்டா காட்டினாள்.