சவரிமுத்துவின் இரண்டாவது டீ

சனிக்கோளின் நிலவான டைட்டனில் ஒரு பாட்டின் நீளம் பதினெட்டு நொடி. யாரும் சட்டம் போடவில்லை. குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் காதுக்குள் பொருத்தப்படும் செவிமணி, பாட்டோ கட்டுரையோ எதைக் கொடுத்தாலும் சாறு பிழிந்து பதினெட்டு நொடியில் ஊட்டிவிடும். கேட்பவரின் நெஞ்சு எங்கே இளகுமோ அந்த இடம் மட்டும். இளகியதும் படைத்தவருக்கு ஓர் இதயக்குறி தானாகப் போய்ச் சேரும். மீதியை யாரும் தேடுவதில்லை.

மங்கைக்கு, உள்காற்று கசியாமல் காக்கும் காற்றறைக் கதவுகளின் ரப்பரைச் சோதிக்கும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது கதவுகள். அத்தனைக்கும் துணை சவரிமுத்துவின் குரல்தான். பனிவண்டி ஓட்டிக்கொண்டே கதைப்பாட்டு கட்டுகிறவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. முகம் காட்டியதே இல்லை. ஒரு கிட்டார், லேசாக இருமும் குரல், வண்டியோட்டிகளும் சமையல்காரிகளும் வீடு திரும்பாதவர்களும் நடமாடும் பாட்டுகள். ‘வண்டி நெறையப் பனிக்கட்டி, மடியில மட்டும் பொம்மைக்குட்டி’ என்ற வரி வந்தால் மங்கை சோதிக்கும் கதவை அப்படியே விட்டுவிட்டு நின்றுவிடுவாள். மகள் இறந்தது தெரியாமல் தகப்பன் பொம்மை வாங்கி வருகிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெண்ணுக்காக அழுதிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை அவர் இறந்த செய்தி வந்தது. முதன்முறையாகப் படமும் வந்தது. மங்கை கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கீழே வைத்தாள்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஏழாம் கிடங்கு கேன்டீனில் சன்னலோரம், முன்னால் இரண்டு டீயோடு உட்கார்ந்திருக்கும் மனிதர். ஒருமுறை கூட்டம் நெரிந்தபோது தட்டோடு போய், எதிர் நாற்காலி காலியா என்று அவரிடம் கேட்டிருக்கிறாள்.

“ஆளு வர்றாங்கம்மா,” என்றார் அவர்.

ஒரு ஆளுக்கு ரெண்டு டீயாக்கும் என்று மனதுக்குள் முனகிக்கொண்டு அவள் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். அப்போது அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது பொம்மைப் பாட்டுதான்.

கேன்டீன் நடத்தும் செல்லையாவிடம் போய் விசாரித்தாள்.

“புதன்கெழம தவற மாட்டாரு. ‘என்ன மாமா, பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் கெளம்பலையா’ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்குவாரு. ஆறிப்போன டீயையும் அவரே குடிச்சிட்டுப் போயிருவாரு.”

“யாரு வரணும்னு நீங்க கேக்கலையாண்ணே?”

“கேட்டேன். அதான் பாட்டுலயே சொல்லிருக்கேனேன்னாரு. எனக்கென்ன புரியும்?”

மறுநாளே மருத்துவப் பிரிவுக்குப் போய்ச் செவிமணியை எடுக்கச் சொன்னாள். அங்கிருந்த நர்ஸ், காது கேட்காதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். செவிமணி இல்லாமல் கேட்டபோது பொம்மைப் பாட்டு ஏழரை நிமிடம் இருந்தது. இரண்டாம் நிமிடத்தில் பொறுமையிழந்து கால் தானாக ஆடத் தொடங்கியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மகள் சாகவே இல்லை. தொலைதூரப் பயணம் முடிந்து தகப்பன் வந்து சேர்வதற்குள் அவனைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். பொம்மையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு, அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரை வைப்பதுபோல, சவரிமுத்து இதை வைத்திருந்தார்:

‘இம்புட்டு நேரம் கேட்ட ஒறவே, ஏழாம் கிடங்கு வந்திடணும், புதன்கெழம மாலை வேளை, ரெண்டு டீயா வச்சிருப்பேன்.’

அவருடைய நாற்பத்திரண்டு பாட்டுகளும் இப்படியே முடிந்தன.

மங்கை மூன்று நாள் உட்கார்ந்து அஞ்சலி எழுதினாள். பொம்மையை, சிரித்த மகளை, ஆறிய டீயை எழுதினாள். கடைசிப் பத்தியில், வரும் புதன்கிழமை அதே மேசையில் இரண்டு டீயோடு இருப்பேன், இந்த வரி வரை படித்தவர் யாராவது வாருங்கள், அவர் பாட்டை முழுதாகக் கேட்போம் என்று முடித்தாள். ஒரே நாளில் நாற்பதாயிரம் இதயக்குறிகள் வந்தன.

புதன்கிழமை கேன்டீன் நிரம்பி வழிந்தது. டீயில் ஆடை படியத் தொடங்கியபோது, கண் சிவந்த இளம்பெண் ஒருத்தி தட்டோடு வந்து நின்றாள்.

“ஏம்மா அழுதியா?” என்றாள் மங்கை.

“சவரிமுத்து ஐயாவப் பத்தி ஒருத்தங்க எழுதிருக்காங்கக்கா. தாங்க முடியல.”

மங்கையின் கை நாற்காலியை இழுத்துப் போடப் போனது.

“முழுசாப் படிச்சியா?”

“முழுசாத்தான்க்கா. பதினெட்டு நொடியும்.” அவள் நாற்காலியைப் பார்த்தாள். “இங்க யாரும் வர்றாங்களா?”

மங்கை ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தாள்.

“ஆளு வர்றாங்கம்மா,” என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.