புளியம்பழப் பாட்டுக்கு எத்தினி பங்கு?

“சரி, வரி நீ எழுதின. மெட்டு போட்டது யாரும்மா?”

போன்ல அருணாகிட்ட கல்பனா அக்கா கேட்டாங்க. வேலூர் ரேடியோவுல வேல செய்றாங்க. அருணாவும் அவ கிளாஸ் பசங்களும் பாடின புளியம்பழப் பாட்டு இப்போ அந்த ரேடியோவுல தெனமும் ஓடுது.

“பாட்டு போடுறதுக்கு நாங்க காசு கட்டுறோம். ஒரு சங்கம் அத சேத்து, வரி எழுதினவங்களுக்கும் மெட்டு போட்டவங்களுக்கும் பிரிச்சுக் குடுக்கும். பேரு தெரிஞ்சாதான குடுக்க முடியும்?”

அண்ணன் சின்னராஜ் அருணா காதுல கிசுகிசுத்தான். “உன் பேரயே சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே! அக்கா, கொஞ்ச நேரத்துல நானே கூப்புடுறேன்.”

மெட்டு காஷிஃபாவோடது. அவ அப்பா வாணியம்பாடியிலேருந்து அருணாவோட மலை ஊருக்குப் புளி வாங்க லாரியில வருவாரு. முன்னல்லாம் காஷிஃபாவும் கூடவே மலையேறிடுவா. பெரியவங்க எடை போட்டுக்கினு இருப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் மூட்டை மேல குந்திக்கினு புளி சப்புவாங்க. “புளியம்பழமே, பல்லு கூசுதே!”ன்னு அருணா சொன்னா, காஷிஃபா அத ராகமா இழுப்பா. சிரிச்சு சிரிச்சு மூட்டையிலேருந்து உருண்டே வுழுவாங்க!

அப்புறம் அவ பெரிய ஸ்கூலுக்குப் போய்ட்டா. மலைக்கு வர்றதே இல்ல. மறந்திருப்பாளோ?

அருணாவோட அப்பா போன்ல காஷிஃபா அப்பா நம்பர் ‘புளி பாய்’னு இருந்துச்சு. அடிச்சா. அவரு பொண்ணுகிட்ட குடுத்தாரு.

“ரேடியோவுல கேட்டேன்டி,” காஷிஃபா சொன்னா. “உன் பேரு மட்டும் சொன்னாங்க. என்ன மறந்துட்டன்னு நெனச்சேன்.”

“லூசு! மெட்டு போட்டது நீதான்னு ரேடியோவுல சொல்லத்தான்டி கூப்புட்டேன்!”

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம். அப்புறம் சிரிப்பு. “ஆனா மெட்டு முழுசா என்னுது இல்ல அருணா. எங்க லாரி டிரைவர் பழனி அண்ணன் மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பாரே, பாம்... பபாபாம்... அதக் கேட்டுதான் இழுத்தேன்.”

அருணா முணுமுணுத்துப் பாத்தா. அட, அதே தான்!

உடனே கல்பனா அக்காவக் கூப்புட்டா. “மெட்டு காஷிஃபாவோடதுங்க. எழுதிக்கினீங்களா? அப்புறம்... லாரி ஹாரன் அடிச்சவருக்கும் பங்கு உண்டாக்கா?”

 அக்கா வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. “இரும்மா, சங்கத்துலயே கேக்குறேன்!”

உண்டுன்னு அருணா. ஹாரனுக்கெல்லாம் இல்லன்னு சின்னராஜ். நீங்க இன்னா சொல்றீங்க, பழனி அண்ணனுக்குப் பங்கு உண்டா, இல்லியா?