பேச்சிமுத்துவின் நடை

இப்போது எந்த நீதிமன்றத்திலும் கூண்டு கிடையாது. பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பாய்தான். சாட்சியானாலும் கைதியானாலும் அதில் நடந்து காட்ட வேண்டும். பாய்க்கு அடியில் நடைமானி இருக்கிறது. முகத்தையும் விரல் ரேகையையும் அச்சு அசலாகச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, அரசாங்கம் நம்புவது நடையை மட்டும்தான். ரேஷன் கடை, பேருந்து, வீட்டு வாசல் எல்லாம் நடைக்குத்தான் திறக்கும்.

சந்தனமாரி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் புருஷன் பேச்சிமுத்து சிறைக்குள் போய் ஆறு வருஷம். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் மேஸ்திரி ஒருவரை யாரோ அடித்துக் கொன்றார்கள். பார்த்தவர் இல்லை. வாசலில் கிடந்த பாய் மட்டும் சொன்னது, உள்ளே போய் வந்த நடை பேச்சிமுத்துவின் நடை என்று. அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

மறுவிசாரணை ஒரே ஒரு முறைதான். அது இன்று.

அவள் மனுவில் சொன்னது இதுதான். கிரேன் நுழையாத கிட்டங்கிச் சந்துகளில் சுமை இன்னும் தோள்தடியில்தான் போகிறது. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். பின்னால் வருகிறவன் முன்னவனின் குதிகாலைப் பார்த்தே கால் வைக்க வேண்டும். தப்பினால் சுமை ஆடும், இடுப்பு போய்விடும். பேச்சிமுத்துவும் சவரியானும் அப்படிப் பத்தொன்பது வருஷம் தூக்கினார்கள். சும்மா டீ குடிக்கப் போனாலும் இருவருக்கும் ஒரே நடைதான். நடைமானியோ நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களின் கால்களை வைத்துச் செய்தது. ஒரு நடைக்கு ஒரு ஆள் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடும்.

இதை நிரூபிக்கச் சவரியான் நடந்து காட்ட வேண்டும். நடந்தால் கொலைப்பழி அவன் மேலும் விழும். தெரிந்தேதான் போன வாரம் அவனிடம் போய்க் கேட்டாள்.

"நீ செஞ்சியா?"

"இல்ல மைனி. அவனும் செய்யல. அதச் சொல்லத்தான் ஒரு மெசினும் இல்ல."

"வந்து நடப்பியா?"

"பத்தொம்பது வருசம் அவன் பின்னாலதான போனேன். இதுக்கும் வாரேன்."

நீதிமன்றப் பாயில் பேச்சிமுத்து முதலில் நடந்தான். சுமையே இல்லாமல் ஆறு வருஷம் சிறைச் சுவரை ஒட்டித் தனியாக வட்டமடித்த கால்கள். நடைமானி சொன்னது: "பொருத்தம் பதினொரு விழுக்காடு. பேச்சிமுத்து அல்ல."

அடுத்து சவரியான். பேச்சிமுத்து உள்ளே போனதிலிருந்து அவனுக்குச் சோடி மாசானம். மாசானத்துக்கு இடது கால் இழுக்கும்.

"பொருத்தம் பதினான்கு. பேச்சிமுத்து அல்ல."

"என்னல, காலு இழுக்கு?" என்றான் பேச்சிமுத்து.

"மாசானம் பின்னால போய்ப் பாரு. ஒனக்கும் இழுக்கும்."

நீதிபதி திரையைப் பார்த்தார், ஆட்களைப் பார்க்கவில்லை.

"நடைமானி தவறாது என்பது சட்டம். கொன்றது பேச்சிமுத்து. இங்கே நிற்பவர் பேச்சிமுத்து இல்லை. இவரை அடைத்து வைக்க முகாந்திரம் இல்லை, வெளியே விடுங்கள். பேச்சிமுத்து தலைமறைவு. பிடியாணை போடுங்கள். மனு தள்ளுபடி."

"ஐயா, இவருதான் என் புருசன்."

"அது உங்க குடும்ப விஷயம்மா."

பெயர் போனால் போகட்டும், ஆள் கிடைத்தானே என்று சந்தனமாரி பையை எடுத்துக்கொண்டாள். தாழ்வாரம் நீளமானது. ஆண்கள் இருவரும் முன்னால் போனார்கள். பக்கம் பக்கமாக நடந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. பேச்சிமுத்து முன்னால், சவரியான் பின்னால்.

பத்தாவது தப்படியில்தான் அவள் கவனித்தாள். சவரியான் காலை இழுக்கவில்லை. அவன் கண் தானாக முன்னவனின் குதிகாலுக்குப் போயிருந்தது. பேச்சிமுத்துவின் முதுகு லேசாக வளைந்து, முழங்கால் மடங்கி, தோளில் இல்லாத தடிக்கு இடம் விட்டிருந்தது.

"ஏய், தள்ளி நடங்க! சவரி, தள்ளிப் போ!"

வெளிவாசல் பாயை இருவரும் மிதித்துவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேச்சிமுத்து. பொருத்தம் நூறு. ஆட்கள் இரண்டு."

காவலர் ஓடி வந்தார். கையிலிருந்த பிடியாணையில் அச்சின் சூடு கூட ஆறவில்லை.

"எவம்ல பேச்சிமுத்து?"

சந்தனமாரி பையைக் கீழே வைத்தாள். "இதத்தான் சார், ஆறு வருசமா நானும் உங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

காவலர் நடைமானியைப் பார்த்தார். மறுவிசாரணை முடிந்துபோயிருந்தது. அவரிடம் ஒரு கைவிலங்குதான் இருந்தது. ஆளுக்கொரு வளையமாக மாட்டினார். தாழ்வாரத்தில் திரும்பி நடந்தபோது இரண்டு பேருக்கும் கால் ஒரு தரம்கூடத் தப்பவில்லை.