மேலே வராத பெடல்

இழுத்து மூடியிருந்த ஷட்டரின் அடி இடுக்கில் சிவப்பு வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து முகம் கழுவ வந்த வெல்டர், ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரேக் லைட். யாராவது பெடலை மிதித்தால்தான் எரியும். ஷட்டர் சாவியோ அவன் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போனான். வெயிலில் வெந்த தகரக் கூரை, பெயிண்ட், ரப்பர், பழைய ஆயில் எல்லாம் கலந்த வாடை மூக்கில் ஏறியது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் தன் இரண்டு சீட் காரின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். ஆள் இல்லை. ஆனால் பிரேக் பெடல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, களைத்துப்போன ஒருத்தன் காலைத் தூக்குகிற வேகத்தில், அது மேலே வந்தது. லைட் அணைந்தது.

“பிரேக் குழாயில காத்து இருக்கு,” என்று வாய்விட்டுச் சொன்னான். “காத்து இருந்தா இப்படித்தான் பண்ணும்.”

அப்படிப் பண்ணாது என்று அவனுக்குத் தெரியும். பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டான்.

நொறுங்கிக் கிடந்த வண்டியை வாங்கி, பட்டறை வேலை முடிந்த நேரமெல்லாம் அதோடு மல்லுக்கட்டி, பாடியை ஒட்டி, ஸ்பிரிங் மாற்றிக் குள்ளமாக்கி, இன்ஜினையும் கிளப்பியாயிற்று. வேகம் ஏறிய வண்டிக்குப் பழைய பிரேக் தாங்காது. அதற்காகத்தான் பழைய இரும்புக் கடையில், அடிபட்டு வந்திருந்த ஒரு பெரிய பந்தய வண்டியின் பிரேக்கை முழு செட்டாக, பெடலோடு கழற்றி வந்தான். பெடல் நடுவில் வளைந்திருந்தது.

“இது எப்படி வளைஞ்சுது?” என்று கடைக்காரரைக் கேட்டான்.

“மிதிச்சதுல.”

“மிதிச்சா வளையுமாய்யா? விரல் தடிமனுக்கு இருக்கு.”

“ஓட்டுனவன் அவசரம் அப்படி. உனக்குப் பொருள் வேணுமா, இல்ல வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்கப் போறியா?”

வெல்டர் இரும்போடு பிழைக்கிறவன். ஒரு மனிதனின் காலுக்கு அந்த வேலையைச் செய்யும் பலம் கிடையாது என்று கையில் வாங்கியபோதே தெரிந்தது. இருந்தாலும் கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சி, தட்டி நிமிர்த்தினான். இன்னொன்றும் செய்தான். அந்த செட்டோடு வந்த பிரேக் ஆயில் டப்பாவில் பாதிக்குமேல் ஆயில் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், துளி அழுக்கில்லை. அடுத்த வண்டியின் பிரேக் ஆயிலை எந்த மெக்கானிக்கும் தொடமாட்டான். கூலிக்காரனுக்கு நல்லாயிருக்கிற பொருளைக் கொட்ட மனசு வராது. அதையே ஊற்றினான்.

குழாயில் இருக்கும் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருத்தர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். போன வாரம் மச்சான்தான் வந்து மிதித்தான். பாதியில் இறங்கிப் போய், குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

“அடுத்த தடவ வேற ஆளப் பாருங்க மாமா.”

“ஏன் மாப்ள, கால் வலிக்குதா?”

“என் கால் வலிக்கல மாமா.”

அவ்வளவுதான் சொன்னான். சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டான். இதை வெல்டர் தன் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உட்கார மாட்டாள். நாளைக் காலை அவளைப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்பதில் அவன் குறியாக இருந்தான்.

“ஏம்மா, பத்து நிமிஷம் வந்து பெடல மிதியேன்.”

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தவள் செருப்பை வாசலிலேயே கழற்றினாள். “இந்த வண்டிக்கு ஊத்துன ஆயில்ல பாதிய என் தலைக்கு வாங்கிக் குடுத்திருந்தா, இந்நேரம் முடி கணுக்கால தொட்டிருக்கும்.”

“உக்காரு. ‘மிதி’ன்னா மிதிக்கணும். ‘பிடிச்சிருக்கேன்’னு சொல்லிட்டு அப்படியே அழுத்திப் பிடிக்கணும். நான் ‘விடு’ன்னு சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது.”

“கல்யாணத்துல இருந்து அதத்தானே பண்ணிட்டிருக்கேன்.”

வண்டியை நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தான். சக்கரப் பலகையில் மல்லாந்து உள்ளே நகர்ந்தான். திருகில் ஸ்பேனர், திருகின் முனையில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப், டியூபின் மறுமுனை பாட்டிலுக்குள். வெயில் இறங்க இறங்கக் கூரைத் தகரம் எங்கோ ஒரு மூலையில் நெட்டி முறித்தது.

“மிதி.”

“பிடிச்சிருக்கேன்.”

திறந்தான். ஆயிலோடு குமிழிகள் வந்தன. மூடினான். “விடு.”

பின் சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. மூன்றாவதில் குமிழிகள் வந்த விதம் பிடிக்கவில்லை. கூட்டமாக வந்து, நின்று, மறுபடி கூட்டமாக வந்தன. தூங்குகிறவனின் மூச்சு அப்படித்தான் வரும். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டான். நான்காவது சக்கரத்துக்கு நகர்ந்தான். அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம். அவன் முகத்துக்கு மேலே ஒரு தகடு. அதற்கு மேலே அவள் பாதம்.

“மிதி.”

“பிடிச்சிருக்கேன்.”

திறந்தான். மூடினான்.

“விடு.”

“விட்டுட்டேன்.”

பெடல் திரும்பும் சத்தம் வரவில்லை.

“கால எடும்மா.”

அவள் குரல், மிக அருகில், மிகச் சின்னதாக வந்தது.

“எடுக்க முடியலங்க.”

“மாட்டிக்கிச்சா?”

“விளையாடாதீங்க. அழுத்தாதீங்க.”

“நான் கீழ இருக்கேன்ம்மா.”

“தெரியும்.” அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. “என் கால் மேல ஒரு கால் இருக்கு.”

மச்சான் காலைத் தேய்த்துக் கழுவியது கண்முன் வந்தது. தெரிந்தே உட்கார வைத்தேன். தெரிந்தேதான். காலை உந்தினான். பலகை எதிலோ இடித்தது. நெற்றி இரும்பில் பட்டது. ஊர்ந்தான். வெளியே வந்து கதவைப் பிடித்து எழுந்தான்.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பார்வை முன் கண்ணாடிக்கு வெளியே, சுவரில். அங்கே ஏதோ வேகமாக வந்துகொண்டிருப்பதுபோல் பார்த்தாள்.

வெறும் பாதம் பெடலின் மேல். அதன் புறங்காலில் ஐந்து குழி. விரல் குழிகள். அழுத்துவது அவளுடையதைவிடப் பெரிய பாதம், கண்ணுக்குத் தெரியவில்லை. குழிகளைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது.

குனிந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. தன் கையைப் பாதத்தின் மேல் வைத்தான். கைக்கு மேல் எடை இறங்கியது. சூடாக இருந்தது. வியர்த்திருந்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டான்.

“ஏங்க,” என்றாள். அவனைப் பார்க்காமல். “அடியில யாரு?”

சக்கரப் பலகை உருளும் சத்தம்.

அவன் திரும்பவில்லை. கண் மட்டும் கீழே போனது. வண்டியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸ் படிந்த நீலக் கால்சட்டை. முழங்காலில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டை. தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். அதே ஓட்டை.

ஸ்பேனர் திருகில் பொருந்தியது. க்ளிக்.

“மிதி,” என்றது அவன் குரல், அடியிலிருந்து.

“பிடிச்சிருக்கேன்,” என்றாள் அவள்.

பெடல் இறங்கியது. தரையைத் தொட்டது. அவள் கால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.