இருவர் அடுப்பு

பொழுது சாய்ந்ததும் திரவியம் மறுநாளைக்கான சாப்பாட்டைத் தயார் செய்வார். அவலை அலசித் தயிரில் போட்டு மூடுவார். நிலக்கடலையைத் தண்ணீரில் ஊறவைப்பார். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவிக் குளிர்பெட்டியில் வைப்பார். எதற்கும் நெருப்பு வேண்டியதில்லை. மனைவி ஜெசிந்தா இறந்த எட்டு மாதமாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

எரியாது. தூத்துக்குடியில் எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரு முகமறிவி உண்டு. எதிரே இரண்டு பேர் நின்றால்தான் அது சூடேறும். மின்சாரம் பற்றாத காலத்தில், ஒருவருக்காக ஓர் அடுப்பு எரிவது வீண் என்று சட்டம் வந்தது. தனியாக இருப்பவர்களுக்குப் பொதுச் சமையற்கூடம். திரவியம் ஒரே ஒருநாள் போனார். நீண்ட மேசைகளில் எல்லோரும் தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். அதற்கு அவலே மேல் என்று வந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கீழ்த்தளத்துப் பொன்மணி கதவைத் தட்டினாள். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை பார்ப்பவள். தனியாகக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, ஒரு உதவி. எங்க அடுப்பு முன்னால கொஞ்சம் வந்து நிப்பீங்களா? ரெண்டு நாளாக் காய்ச்சல். வாய்க்கு ஒரு ரசம் வச்சுக் குடிச்சாத் தேவல."

போய் நின்றார். அடுப்பு சூடேறியது. மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்த வாசனைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தார். அவள் ஒரு தூக்குவாளி நிறைய ரசம் கொடுத்தனுப்பினாள்.

அதன்பிறகு அது தினப்படி ஆகிவிட்டது. அவர் தக்காளி, வெங்காயம் வாங்கிக்கொண்டு இறங்குவார். அவள் மறுநாளைக்கும் சேர்த்துக் குழம்பு வைப்பாள். முகமறிவி பார்வையிலிருந்து நகரக்கூடாது என்பதால் இருவரும் அங்கேயே நின்று பேசுவார்கள். கப்பல்களின் பெயர்கள், ஜெசிந்தாவின் கோபம், பொன்மணியோடு பேச்சை விட்டுவிட்ட அவள் அண்ணன்.

மழைக்காலம் முடிந்தபோது கடலலை மின்நிலையம் ஓடத் தொடங்கியது. சட்டத்தை நீக்கினார்கள். தெருவில் வெடி போட்டார்கள். பொன்மணி அல்வாப் பொட்டலத்தோடு மேலே வந்தாள்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல அண்ணாச்சி. தினம் கால் கடுக்க நிக்க வச்சுட்டேன்."

"அதனால என்னம்மா," என்றார். வேறு ஏதோ சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் அவள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கூப்பிட வேண்டிய தேவை எதுவும் இல்லையே. கீழேயிருந்து தாளிக்கிற வாசனை மட்டும் வந்தது. அந்த வாரக் கடைசியில் அவரே இறங்கிப் போனார்.

"எங்க அடுப்பு எரிய மாட்டேங்குதும்மா. கொஞ்சம் பாக்கிறியா?"

அவள் வேலைக்குக் கிளம்பும் சேலையோடு மேலே வந்தாள். அவர் சமையலறைக்குள் அவள் வருவது அதுதான் முதல்முறை. பொத்தானைத் தொட்டாள். உடனே சூடேறியது.

"எரியுதே அண்ணாச்சி."

"எரியும்மா. முந்தாநாளும் எரிஞ்சுது." அவர் தரையைப் பார்த்தார். "தனியா ஆக்கித் திங்கத்தான் முடியல."

பொன்மணி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். "நானும் நேத்து வச்ச குழம்பப் பாதிக்கு மேல கொட்டிட்டேன்," என்றாள். கீழே வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஒலி எழுப்பியது. "போகணும். நாளைக்குச் சீக்கிரமா வாறேன். மத்தியானமே துவரம்பருப்ப ஊறப் போட்டிருங்க, சாம்பார் வைப்போம்."

அவள் போனதும் திரவியம் அடுப்பை அணைத்தார். பருப்பை இப்போதே எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. மேல்தட்டில் தேடினார், கீழ்த்தட்டில் தேடினார். முப்பது வருடம் அந்தச் சமையலறையில் சமைத்த ஜெசிந்தா பருப்பை எந்த டப்பாவில் போட்டு வைப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை.